கேபிள்காரர்கள் வெட்டிய காட்சி

சினிமாவை நான் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் பார்த்ததுதான் அதிகம். அதுவும் திராட்சைப் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தது. ஓடைப்பட்டிப் பக்கம் பந்தலைத் தாழ்வாகத்தான் போட்டிருப்பார்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே இலைகளுக்கு நடுவில் விழுகிற வெளிச்சம் மட்டும் பொட்டுப் பொட்டாகத் தரையில் கிடக்கும். அந்த அரை இருட்டில் சாக்கை விரித்து வட்டமாக உட்கார்ந்து, அறுத்து வந்த குலைகளைக் காம்பைப் பிடித்துத் தூக்கி, அழுகல், வெடிப்பு, பிஞ்சு எல்லாவற்றையும் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டுப் பெட்டியில் அடுக்குவது பெண்களின் வேலை. பழத்தின்மேல் விரல் படக் கூடாது. பட்டால் மேலே படிந்திருக்கிற வெள்ளை மாவு போய்விடும், வியாபாரி முகத்தைச் சுளிப்பார். ஆக, கையும் கண்ணும் குலைமேலேயே இருக்க வேண்டும். வாய்க்கும் காதுக்கும்தான் வேலையில்லை. அந்த இரண்டுக்கும் வேலை கொடுத்தவள் என் சித்தி.

தோட்டம் தோட்டமாக ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவள் அம்மா. வந்தவர்கள் எல்லாரும் சொந்தக்காரப் பெண்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் ஒட்டிக்கொள்வேன். சித்தி அம்மாவுக்கு நேர் இளையவள். மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்குகிற மெஷின் சின்ன வயதிலேயே அவளுடைய வலது கை விரல்கள் இரண்டை வாங்கிக்கொண்டது. அதனாலேயே கல்யாணமும் கூடி வரவில்லை என்பார்கள். எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஆனால் அக்கா வீட்டுச் சோற்றைச் சும்மா உட்கார்ந்து தின்ன மாட்டேன் என்று பிடிவாதமாக அம்மாவோடு வேலைக்கு வருவாள். கூலியோ பெட்டிக் கணக்கு. மூன்று விரல் கையில் கத்தரி நிற்காது. மற்றவர்கள் இரண்டு பெட்டி அடுக்கி முடிக்கும்போது அவள் முதல் பெட்டியில் பாதியைத் தாண்டியிருக்க மாட்டாள்.

இதற்கு அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் நினைவில்லை. சித்தி படக்கதை சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் ஆளுக்கு ஒரு குலையாகச் சுத்தம் செய்து அவ்வப்போது அவள் பெட்டியில் வைப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் எல்லார் பெட்டியையும் போலவே அவள் பெட்டியும் நிறைந்திருக்கும். தோட்டக்காரருக்கும் இது தெரியும், கண்டுகொள்ள மாட்டார். கதை ஓடுகிற நாளில் ஒருத்தியும் வீட்டு ஞாபகம் வந்து சீக்கிரம் எழுந்து போவதில்லை என்பது அவருக்கும் லாபம்தானே.

ஞாயிற்றுக்கிழமையானால் சித்தி பஸ் ஏறிச் சின்னமனூருக்கோ தேனிக்கோ போய் ஒரு படம் பார்த்துவிட்டு வருவாள். நல்ல படம் என்று ஊரே சொல்லுகிற படத்துக்குப் போகவே மாட்டாள். எதைப் பார்த்துவிட்டு ஜனங்கள் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வருகிறார்களோ அந்தப் படத்துக்குத்தான் போவாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“நல்ல படத்துல நமக்கு என்ன வேல இருக்கு? பாத்தமா வந்தமான்னு போயிரும். கெட்ட படத்துலதான் நாம செய்யிறதுக்கு வேல கெடக்கு” என்றாள்.

செய்கிற வேலை என்று அவள் எதைச் சொன்னாள் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் பந்தலுக்குள் அவள் தொண்டையைக் கனைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எழுத்துப் போடுவதிலிருந்து ஆரம்பிப்பாள். மழை பெய்தால் நனைகிற மாதிரி இருக்கும், கார் கவிழ்ந்தால் காலை இழுத்துக்கொள்வோம். இத்தனைக்கும் சத்தமாகப் பேச மாட்டாள். இவ்வளவு மெல்லிய ஒரு பொம்பளைக்குள் இத்தனை ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

கதையைவிடச் சுவையானது நடுவில் நடக்கிற சண்டை. ஒரு கோடையில் சித்தி சொன்ன படத்தின் பெயரை எழுதி, எடுத்தவர்களை இன்னொரு முறை புண்படுத்த எனக்கு மனமில்லை. தியேட்டரில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. என் அப்பாவைவிட மூத்த ஒருவர் அதில் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவராக வருகிறார். புது நோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, புருவத்துக்கு மை தீட்டிக்கொண்டு, ‘சார், உள்ளே வரலாமா’ என்கிறார். அதையாவது எங்கள் ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள். அவருக்கு அம்மாவாக வந்தவரைத்தான் பொறுக்கவில்லை.

“போன வருசந்தான் அவனோட மழையில நனைஞ்சு ஆடுனா. இந்த வருசம் அவனுக்குத் தல தொவட்டி விடுறா. எவன்டா இவளுக்கு ஆத்தா வேசம் குடுத்தது?” என்று அத்தை கத்தரியை நீட்டிக்கொண்டு கேட்டாள். அத்தை என்றால் என் தாய்மாமன் மனைவி. அந்தக் கூட்டத்திலேயே நீளமான நாக்கும் வேகமான கையும் அவளுக்குத்தான். சித்தியிடம் குற்றம் கண்டுபிடிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. கதையில் ஒரு வார்த்தை விடாமல் நினைவு வைத்திருப்பவளும் அவள்தான்.

வில்லனாக ஒரு காமெடி நடிகரைப் போட்டிருந்தார்களாம். அவர் முறைத்தாலும் சிரிப்பு வருகிறது என்றாள் சித்தி. அவ்வளவுதான், அந்த வேடத்துக்கு ஊரில் யாரைப் போடலாம் என்று ஒரு முழுப் பகல் வாதம் நடந்தது. கடைசியில் எங்கள் தெருக் குழாய்க்குத் தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் மனசு வைக்காவிட்டால் தெருவே காய்ந்துபோகும், வில்லனுக்கு அதைவிட என்ன வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலம் குழாயடியில் அந்த அண்ணனைப் பார்த்ததும் எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

ஆனால் அந்தப் படத்தில் என்னை அடியோடு சாய்த்தது ஒரே ஒரு பாட்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போகிற பெண்தான். வில்லனுடைய குடோனில் ஆடுவாள். நீல ஜிகினா உடுப்பு. சித்தி அதைச் சொல்லும்போது முழங்காலுக்கு மேலே ஒரு கோடு கிழித்துக் காட்டி, இவ்வளவுதான் என்பாள். பெண்கள் ‘சீ’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடுத்த நிமிடமே ‘பெறகு’ என்பார்கள். இப்படி ஆடலாமா கூடாதா என்று கட்சி பிரிந்தது. மானம் போன பிழைப்பு என்றது ஒரு கட்சி. அவள் ஆடாவிட்டால் உங்கள் முதல் வருட மாணவன் குடோனுக்குள் எப்படி நுழைவான், எல்லாரும் அவளைப் பார்த்ததால்தானே இவனை யாரும் பார்க்கவில்லை என்றது சித்தியின் கட்சி. எனக்குக் கட்சியெல்லாம் கிடையாது. சுற்றிலும் அத்தனை ஆம்பளைகள் நிற்க, ஒருத்தி கொஞ்சமும் கூசாமல் நடுவில் வந்து நின்று கேமராவை நேராகப் பார்க்கிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. உலகத்தில் அவ்வளவு தைரியசாலி யாரும் இருக்க முடியாது என்று நம்பினேன். மத்தியானம் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய், நீல உரச்சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஆடிப் பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். தடுத்தது பெரியம்மா.

பெரியம்மா அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. அந்த வருடம்தான் புதிதாக எங்களோடு வேலைக்கு வர ஆரம்பித்திருந்தார். யாரிடமும் அதிகம் பேச மாட்டார், கதை கேட்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. அவருடைய மகள், எனக்கு அக்கா, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருப்பதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று பெரியம்மா அம்மாவின் கையிலிருந்த கம்பை வாங்கித் தூரப் போட்டுவிட்டு, “ஆடட்டும் விடு” என்றார். என்னை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குத்தான் வெட்கம் வந்து ஆட முடியவில்லை.

மறுநாள் கதைக்கு நடுவே பெரியம்மா முதல் முறையாக வாயைத் திறந்தார்.

“பாட்டு முடிஞ்சதும் அந்தப் பிள்ள எங்கன போறா?”

எல்லாரும் சிரித்தார்கள். “எங்கன போவா? வேசத்தக் கலச்சுட்டுச் சம்பளத்த வாங்கிட்டுப் போவா” என்றாள் அத்தை. சித்தி சிரிக்கவில்லை.

“பொறுங்க. அவ திரும்ப வருவா” என்றாள்.

அன்றிலிருந்து கதை வேறு வேகம் பிடித்தது. கடைசிச் சண்டையில் கதாநாயகனைக் கட்டிப் போட்டிருக்கும்போது அந்த ஆட்டக்காரிதான் பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்து கயிற்றை அறுத்துவிட்டாள். அத்தைக்கே புல்லரித்துவிட்டது. அவளைப் பற்றிய கதை அதோடு முடியவில்லை, பஸ் ஏறி அவள் தன் ஊருக்குத் திரும்பிப் போவது வரைக்கும் நீண்டது. அடுத்த படம் ஆரம்பித்த பிறகும் எங்கள் ஆட்கள் அந்தக் கடைசி இடத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். இப்படி ஒரு படத்தை ஏன் ஒரு வாரத்தில் தூக்கினார்கள் என்று தியேட்டர்காரர்களைத் திட்டினார்கள்.

அத்தைக்குத் திட்டியதோடு ஆறவில்லை. அவளுடைய தம்பி எங்கள் பக்கத்துக் கேபிள் ஆபீசில் வேலை பார்த்தான். அவனை நச்சரித்து, தேனியிலிருந்து அந்தப் படத்தின் சிடியை வாங்கி வர வைத்துவிட்டாள். ஞாயிறு மதியம் ‘நேயர் விருப்பம்’ என்று டிவியின் அடியில் எழுத்து ஓடியது. தன் வீட்டில்தான் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று அத்தை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். டீயும் பக்கோடாவும்கூட உண்டு. அவ்வளவு பிரியம் அவளுக்கு அந்தக் கதைமேல்.

சித்தி வரவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அத்தனை நாள் சொன்ன படம் கண்முன்னால் ஓடப்போகிறது, இவளுக்கு இன்றுதானா தலை வலிக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பெரியம்மா வந்திருந்தார். அடுத்தவர் வீட்டில் அவர் டிவி பார்த்து யாரும் பார்த்ததில்லை. நிலைப்படிக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

படம் ஓடியது. புருவ மை, நோட்டு, தலை துவட்டுகிற அம்மா எல்லாம் சித்தி சொன்னபடியே வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் கை தட்டினோம். பாட்டு வந்தது. உடுப்பு நீலமில்லை, மங்கிய பச்சை. ஆடியவளும் சித்தி சொன்ன மாதிரி சின்னப் பெண் இல்லை. கண்ணுக்குக் கீழே பூசிய பவுடரையும் மீறிக் கறுப்புத் தெரிந்தது. ஆனாலும் ஒரு இடத்தில் நேராகத் திரும்பி எங்களைப் பார்த்தாள். எனக்கு மூச்சு நின்றுவிட்டது. பாட்டு முடிந்தது. அவள் ஒரு தூணுக்குப் பின்னால் போனாள்.

கடைசிச் சண்டை வந்ததும் எல்லாரும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம், இந்தா வந்துட்டா என்று கத்தினோம். ஒருமுறை அடியாட்கள் வந்தார்கள். ஒருமுறை அந்த அம்மா வந்து அழுதார். கடைசியில் போலீஸ் வந்தது. கயிற்றைக் கதாநாயகனே தம் பிடித்து அறுத்துக்கொண்டார். வணக்கம் போட்டுவிட்டார்கள். தூணுக்குப் பின்னால் போனவள் வரவே இல்லை.

பக்கோடாத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போன அத்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “இல்லாத படத்துக்கா நான் இத்தன நாளா அவளுக்குப் பெட்டி நெரப்புனேன்?” என்று அடுப்படியிலிருந்து கேட்டாள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். சித்தி தூங்கவில்லை. அவ வரல சித்தி என்று மூச்சு வாங்கச் சொன்னேன். ஏன் பொய் சொன்னாள் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

“பெரியம்மா கடைசி வரைக்கும் இருந்தாகளா?” என்றாள்.

“இருந்தாக.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் திராட்சைப் பந்தலில் கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை ஒரு குலையைச் சுத்தம் செய்து, வழக்கம்போலச் சித்தியின் பெட்டிப் பக்கம் கையை நீட்டி, பாதியில் நிறுத்தித் தன் பெட்டியிலேயே வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். சித்தியின் பெட்டியில் விரித்த பேப்பர் அப்படியே கிடந்தது.

“சரிதான் மதினி” என்றாள் சித்தி. குலையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இடது கையில் கத்தரியைப் பிடித்தாள். நறுக்கியபோது அழுகலோடு நல்ல பழமும் சேர்ந்து விழுந்தது. விழுந்த பழத்தை எடுக்கக் குனிந்தபோது முழங்காலில் உரசிக் குலையின் மாவெல்லாம் அழிந்துபோனது. இப்படியே போனால் அடுத்த வாரம் அவளை எந்தத் தோட்டத்துக்கும் கூட்டிப் போக முடியாது என்பது எனக்கே தெரிந்தது. அம்மா தலை நிமிரவில்லை. ஆள் கூட்டி வந்தவளும் அவள்தான், கூடப் பிறந்தவளும் அவள்தான். எந்தப் பக்கம் பேசினாலும் தப்பாகப் போகும்.

பிறகு ஒருத்தி மெல்ல ஆரம்பித்தாள், வாதம் பிடித்துக்கொண்டது. உடுப்பு நிறத்தை மாற்றிச் சொன்னால் பரவாயில்லை, வராத ஆளை வரவழைக்கலாமா என்றாள் ஒருத்தி. வர வேண்டிய இடத்தில் அவளை வரவைக்காமல் விட்டது எடுத்தவன் குற்றம், சொன்னவள் குற்றமில்லை என்றாள் இன்னொருத்தி. தம் பிடித்தா கயிறு அறும், அதை மட்டும் நம்பச் சொல்கிறானே என்றாள் வேறொருத்தி. படந்தான் தப்பு என்று நானும் கத்தினேன். அம்மா என் மண்டையில் ஒன்று வைத்தாள். வேறு நாளாக இருந்தால் எனக்கு அது திருவிழா மாதிரி இருந்திருக்கும். அன்று ஒவ்வொரு பேச்சுக்கும் நான் சித்தியின் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எது எப்பிடியோ” என்றாள் அத்தை. “அவ வருவா வருவான்னு நேத்து எந்திரிக்காம உக்காந்திருந்தேன் பாரு, அதுதான் எனக்கு ஆறல. இனிமே அவுகவுக பெட்டிய அவுகவுக நெரப்பட்டும்.”

அப்போதுதான் பெரியம்மா பேசினார். கையிலிருந்த குலையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நேத்துப் போட்டது முழுப் படமில்ல.”

எல்லாரும் திரும்பினார்கள்.

“கேபிள்காரக வெட்டிப்புட்டாக. வெளம்பரம் போட நேரம் பத்தலன்னு, அந்தப் பிள்ள ஊருக்குத் திரும்பி வார எடத்த வெட்டிப்புட்டாக. நாம இங்கன கேட்டதுதான் முழுப் படம்.”

எல்லாருடைய கண்ணும் அத்தையிடம் போனது. அந்தச் சிடியைப் போட்டவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி. வெட்டினானா இல்லையா என்று அங்கே சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். அத்தை வாயைத் திறந்தாள். அவள் வாயைத் திறந்தால் எதிராளி வீட்டுக்குத்தான் போக வேண்டும், அது ஊருக்கே தெரியும். பெரியம்மா குலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கத்தரி மட்டும் அந்தரத்தில் நின்றது.

“ஆமா மதினி” என்றாள் அத்தை. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. “வெட்டத்தான் செய்யிறாக. முழுசாப் போடுடான்னு எந் தம்பிகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எங்க கேக்குறான்?”

சொல்லிவிட்டு, தன் பெட்டியில் இருந்ததிலேயே பெரிய குலையைக் காம்பைப் பிடித்துத் தூக்கிச் சித்தியின் பெட்டியில் வைத்தாள். அடுத்தவள் ஒன்று வைத்தாள். அப்படியே வட்டத்தைச் சுற்றி வந்தது.

“வெட்டுன எடத்தச் சொல்லு ஆத்தா” என்றார் பெரியம்மா.

சித்தி சொன்னாள். எத்தனையோ படம் அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அந்தக் காலையில் சொன்ன மாதிரி அவள் சொன்னதே இல்லை. கயிற்றை அறுத்த கையோடு அந்தப் பெண் ஒரு பழைய பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். விடிகிற நேரத்தில் ஊர் விலக்கில் இறங்குகிறாள். டீக்கடையில் நிற்கிற ஆம்பளைகள் திரும்பிப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு நடுவே, ஜிகினா உடுப்பில் ஆடியபோது எப்படிப் பார்த்தாளோ அதே மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு நடந்து வருகிறாள். வாசலில் அவளுடைய அம்மா கூட்டிக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்க்கிறார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை. ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. திரும்பவும் குனிந்து கூட்டிக்கொண்டே, ‘செருப்ப உள்ள கொண்டுபோயிக் கழட்டு, வெளிய கெடந்தா நாய் தூக்கிட்டுப் போயிரும்’ என்கிறார். அவ்வளவுதான் படம்.

பத்துக் கத்தரியும் நின்றிருந்தன. வேலை நேரத்தில் அந்தப் பெண்களின் கைகள் நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். என்னைச் சுற்றி ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. கோயிலில் திரை விலகும்போது நிற்பதுபோல நானும் அசையாமல் நின்றேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சித்தி பொய் சொல்லவில்லை, படத்தை வெட்டிவிட்டார்கள்.

அதை நான் சும்மா விடவில்லை. இரண்டு நாள் கழித்துக் கேபிள் ஆபீசுக்கே போய், வெட்டிய துண்டைக் கொடு என்று அத்தையின் தம்பியிடம் சண்டை போட்டேன். எதை வெட்டினேன், சிடியைப் போட்டேன், அது ஓடியது, அவ்வளவுதான் என்று அவன் தலையிலடித்துச் சத்தியம் செய்தான். திருட்டுப் பயல் என்று சொல்லிவிட்டு வந்தேன். பல வருடங்கள் அவனோடு பேசவில்லை. பாவம், அவனுக்குக் கடைசி வரை காரணம் தெரியாது.

பிறகு மதுரையில் கல்லூரி விடுதியில், மோசமான படங்களைத் தேடிப் பிடித்துப் பார்த்துச் சண்டை போடுகிற ஒரு கூட்டம் எனக்கு வாய்த்தது. யார் யாருக்குப் பொருந்தாத வேடம், யார் எவ்வளவு கவர்ச்சியாக ஆடினார்கள் என்று விடிய விடியப் பேசுவோம். ஒருநாள் அந்தப் படம் பேச்சில் வந்தது. கடைசியில் ஆட்டக்காரி திரும்பி வருவாள், கேபிள்காரர்கள் வெட்டிய பிரதியைத்தான் எல்லாரும் பார்க்கிறீர்கள் என்று சவால் விட்டேன். ஒருத்தி முழுப் பிரதியைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துவிட்டாள். நேரத்தையெல்லாம் சரிபார்த்து, எழுத்துப் போடுவதிலிருந்து வணக்கம் வரை பார்த்தோம். வெட்டு எதுவும் இல்லை. தோழிகள் என்னைக் கேலி செய்து ஓய்ந்த பிறகு அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்போதுதான் அம்மா சொன்னாள்.

பெரியம்மாவின் மகள், அந்த அக்கா, திருப்பூருக்குப் போகவில்லை. ஆடல் பாடல் குழு ஒன்றோடு போய்விட்டாள். வருசநாட்டுப் பக்கம் ஒரு திருவிழா மேடையில் அவள் ஆடியதைப் பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்து சொல்லியிருக்கிறார். அதோடு அந்த வீட்டில் அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று பெரியப்பா ஆணையிட்டுவிட்டார். பெற்ற தாய்கூட எடுக்கக் கூடாது. எங்களோடு வேலைக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். அத்தைக்கும் தெரியும். யோசித்துப் பார்த்தால், அந்தக் கோடைக்குப் பிறகு சித்தி சொன்ன எந்தப் படத்திலும் ஒரு பாட்டுக்கு ஆட வந்த பெண் பாட்டோடு போனதில்லை.

அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டுத் தூக்குவாளிகளோடு வண்டிப் பாதையில் நடந்து வந்தோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். சித்திக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் நான்.

“ஏத்தா, அவ பஸ்ஸ விட்டு எறங்குனாள்ல” என்றார் பெரியம்மா. “ஒடம்பு மெலிஞ்சிருந்தாளா?”

சித்தி நின்றுவிட்டாள். உடனே பதில் சொல்கிறவள், வாயே திறக்கவில்லை. இவ்வளவு சுலபமான கேள்விக்கு இவள் ஏன் திணறுகிறாள் என்று எனக்கு ஆச்சரியம். நேற்றுத்தானே எல்லாரும் பார்த்தோம்.

“அதெல்லாம் மெலியல பெரியம்மா” என்றேன் நான். “டிவில பாத்தமே, நல்லாத் தடியாத்தான இருந்தா!”

பெரியம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரிக்கச் சிரிக்க அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். தெரு வரும் வரைக்கும் விடவில்லை, விரல் வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களே சிரிக்கிற மாதிரி சினிமாவைப் பற்றிப் பேச எனக்கும் வந்துவிட்டது என்ற பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.